நாலரை மணிக் கவலை

மராத்தி பேசும் ஊரான கட்கியில் ஜூன் பாதியில் மழை பிடித்தால் ஆகஸ்ட் முடியும்வரை துணி காயாது. லைன் வீடுகளில் எல்லோரும் அறைக்குள்ளேயே கொடி கட்டி, அதற்குக் கீழே குனிந்து நடப்பார்கள். தமிழரசி அக்கா வீட்டில் மட்டும் கொடி கட்ட இடமிருக்காது. அங்கே கடைப் புடவைகள் கிடக்கும்.

அக்கா புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர். பஜாரின் இரண்டு ஜவுளிக் கடைகளிலிருந்து வாரத்துக்கு நாற்பது புடவை வரும். புடவையின் கீழ்க்கரையில், உள்பக்கமாக, வெளியே தையல் தெரியாமல் அந்தத் துணிப்பட்டையைச் சேர்க்க வேண்டும். வாசல்படி ஓரமாக, வெளிச்சம் விழும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கையாலேயே தைப்பார். மனம் சரியாக இருந்தால் தையல் எறும்பு வரிசைபோல ஒரே சீராகப் போகும். சரியில்லாவிட்டால் நூலை இழுத்துவிடுவார், கரை சுருங்கிவிடும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். 2004 ஜூன் கடைசி வாரத்தில் பதினோரு புடவைகள் திரும்பி வந்தன.

நான் அவர்கள் வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். போசரியில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் முதல் ஷிஃப்ட். அளவு காட்டும் கேஜில் போட்டுப் பார்த்து சரியான ஸ்க்ரூ, தவறான ஸ்க்ரூ என்று பிரிப்பது என் வேலை. சாயங்காலம் சிவாஜிநகரில் மராத்தி வகுப்பு. தினமும் பத்து வரி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது வகுப்பு ஆசிரியரின் கட்டளை. மராத்தியில் மூன்று வரிக்குமேல் எனக்கு வராததால் மிச்சத்தைத் தமிழில் எழுதினேன். இது அந்த நோட்டிலிருந்து எடுத்தது. பேச்சையெல்லாம் சரியாகப் பிடித்தேனா என்ற சந்தேகம் எனக்கு இப்போதும் உண்டு.

அக்காவின் மகள் ஷீலாவுக்கு அந்த வருஷம் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. காலை ஏழரைக்கு கம்பெனி வண்டி வந்து ஏற்றிப் போகும், மாலை ஆறரைக்குக் கொண்டுவந்து விடும். மார்ச்சில் ஒருநாள் டயர் வெடித்து வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அன்று அக்காவுக்கு மார்பு அடித்துக்கொண்டது, கை மரத்தது, மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். அதன்பிறகு அக்கா எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவின் கடையில் இருந்த காயின் போனிலிருந்து ஷீலாவின் ஆபீசுக்கு அழைக்க ஆரம்பித்தார். ஷீலாவின் செல்போனை ஆபீஸ் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முதலில் நாளைக்கு ஒரு தடவை. ஜூனில் பதினொன்று.

ஜூன் முப்பதாம் தேதி ஷீலா வேலையிலிருந்து வரும்போதே சிவப்பு நிறத்தில் ஒரு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மம்மி, மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி ரிசப்ஷன்காரி வந்து 'ஷீலா, மம்மி கா போன்'னு சொல்றா. ஆபீஸ்ல என் பேரே 'மம்மி கா போன்' ஆயிடுச்சு. மாலும், தெரியுமா?"

"நல்லபடியா போய்ச் சேந்தியான்னுதானே கேட்டேன்."

"அது எட்டரைக்குக் கேட்டே. பதினோரு மணிக்கு ஏன் கேட்டே?"

"போய்ச் சேந்த எடத்துலயே கீறியான்னு."

அப்போதுதான் ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் சந்தானம் அண்ணன், "ஏம்மே, ஆபீசு இன்னா எழுந்து நடந்து பூடுமா?" என்றார்.

"நீ சும்மா இருய்யா."

"நான் ஒண்ணாம் தேதி பீ.ஜி. போறேன்," என்றாள் ஷீலா. "ஆகஸ்ட் ஒண்ணு. ஆபீஸ் பக்கத்துலயே, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கூட. பக்கா."

"பீ.ஜின்னா இன்னாடி?"

"பேயிங் கெஸ்ட் மம்மி. பைசா குடுத்து அவங்க வீட்ல இருக்கறது."

"பைசா குடுத்து விருந்தாளியா இருப்பியா? பைசா வாங்கிகினு சோறு போடறவ உனுக்கு ரசம் வெப்பாளா?"

ஷீலா பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அன்றிரவே நான்கு சுடிதார்களை மடித்து உள்ளே வைத்தாள். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தைத்த புடவைதான் பன்னிரண்டாவதாகத் திரும்பி வந்தது.

ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், பஜாரில் ஒரு தர்ம கிளினிக்கின் பெயரைச் சீட்டில் எழுதியிருந்தார். அங்கே ரீனா மேடம் என்பவர் செவ்வாயும் வெள்ளியும் உட்கார்வார், மனப் பதற்றத்துக்குப் பேசியே வைத்தியம் செய்வார் என்றார்கள். மூன்று மாதமாக அந்தச் சீட்டு அரிசி டின்னுக்குள் கிடந்தது.

"பைத்தியக்கார டாக்டரு கிட்டயா போவப் போற?" என்றார் அண்ணன்.

"பைத்தியக்கார வூட்டுல வாக்கப்பட்டவ வேற எங்க போவா?" என்ற அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி, நீ வாயேன். படிக்கிற புள்ளை, பக்கத்துல இருந்தா தெகிரியமா இருக்கும்."

ஜூலை இரண்டு, வெள்ளிக்கிழமை. குடையில் இருவரும் பாதி பாதி நனைந்துகொண்டு போனோம். மேடம் என்றதும் வயதானவரை எதிர்பார்த்திருந்தேன். ரீனா மேடத்துக்கு முப்பது வயதிருக்கலாம். மேஜையில் பாதி தின்ற வடா பாவ் இருந்தது. நாங்கள் வந்ததும் அதைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, அக்காவிடம் இந்தியில் பேசினார். அக்காவுக்கு பஜார் இந்தி நன்றாகவே வரும். மராத்திதான் கொத்தமல்லி, வெங்காயம், விலை என்பதோடு நின்றுவிடும்.

மேடம் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எப்போது மார்பு அடிக்கிறது, அப்போது என்ன நினைப்பு வருகிறது, வந்ததும் என்ன செய்கிறீர்கள், போன் செய்தபிறகு எத்தனை நேரம் நிம்மதியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு அக்கா யோசித்து, "கால் மணி நேரம்," என்றார். சொன்னபிறகு அவருக்கே அது குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும். "அவ்ளோதான்," என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

"உங்க ஃபேக்டரியில போங்கா ஊதுமே, தெரியுமா?" என்றார் மேடம்.

கட்கியில் அதைத் தெரியாதவர் யார்? ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கு அது. கேட்டதும் லைன் முழுக்க சைக்கிள்கள் புறப்படும்.

"உங்க உடம்புக்குள்ளயும் ஒரு போங்கா இருக்கு. ஆபத்து வந்தா ஓடறதுக்காக ஊதும். உங்களுது ஷிஃப்ட் இல்லாத நேரத்துலயும் ஊதுது. போங்கா கெட்டுப்போகலை, நேரம்தான் தப்பா இருக்கு. ஊதினதும் நீங்க போனுக்கு ஓடறீங்க. ஓட ஓட, அது ஊதினது சரிதான்னு அதுக்குத் தோணும். ஒருதரம் ஓடாம உட்கார்ந்து பாருங்க. ஊதிட்டுத் தானா நிக்கும்."

பிறகு மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். அக்காவின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நான்கு தையலுக்கு இழுத்து ஆறு தையலுக்கு விடச் சொன்னார். அது அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

தவறு நடந்தது அதற்குப் பிறகுதான். செய்தவன் நான்.

நாங்கள் எழுந்தோம். மேடம் ஒரு அட்டையில் 'மங்களவார்', அதாவது செவ்வாய் என்று எழுதிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே மராத்தியில், "காள்ஜி க்யா," என்றார்.

அக்கா அந்த 'க்யா'வை இந்தியாக, 'என்ன' என்று எடுத்துக்கொண்டார். "இன்னான்னு கேக்குதா தம்பி? இவ்ளோ நேரம் அத்ததானே சொன்னேன்?"

"இல்லக்கா," என்றேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆறாம் பாடம். காள்ஜி என்றால் கவலை. க்யா என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். "இது மராத்தி. கவலை எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்க."

"எடுத்துக்கறதா?" அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார். "எத்தினி வேளை?"

நான் மேடத்திடம் திரும்பி, வகுப்பில் படித்ததுபோலவே, "கேவ்ஹா?" என்றேன். எப்போது?

மேடம் கடிகாரத்தைப் பார்த்து, "சாடே சார் வாஜதா," என்றார்.

"நாலரை மணிக்கு," என்றேன் அக்காவிடம்.

"எவ்ளோ?"

"கிதி?" என்றேன்.

"வீஸ் மினிட்."

"இருபது நிமிஷம்க்கா."

வீட்டுக்கு வந்ததும் என் நோட்டில் எழுதினேன்: கவலை, மாலை 4.30, இருபது நிமிடம், தினமும். 'தினமும்' என்று மேடம் சொன்னாரா என்று ஒரு சந்தேகம் வந்தது. மருந்து என்றால் தினமும்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நாலரைக்கு அக்கா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் வாட்ச் பார்த்தேன்.

"ஆரம்பிக்கவா?"

"ஆரம்பிங்கக்கா."

இருபது நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு கவலைப்பட்டார். முடிந்ததும் வியர்த்திருந்தது. அண்ணனோ கேவுரு களியைக் கருவாட்டுக் குழம்பில் புரட்டியபடி, "நாப்பது ரூவா மாத்திரை எழுதித் தராம, உன் கவலையவே உனுக்கு எழுதித் தந்து கீறா பாரு. கெட்டிக்காரி," என்றார்.

ஆனால் ஒன்று நடந்தது. ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அக்கா காயினோடு எழுந்தவர், மும்தாஜ் அக்காவின் கடைவரை போய்த் திரும்பிவிட்டார். இதை மும்தாஜ் அக்காதான் எனக்குச் சொன்னார்.

"போனைத் தொட்டுட்டா தம்பி. 'இது நாலரை மணிக்கு உள்ளது, இப்ப எடுத்தா டோஸ் ஜாஸ்தியாப் பூடும்'னு சொல்லிட்டுப் போறா. எனக்கு ஒண்ணியும் புரியல. டாக்டரு இன்னா குடுத்தாரு?"

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கே கிளினிக்கில் போய் நின்றோம். ரீனா மேடம் வெளியே எட்டிப் பார்த்து, "உங்களுக்கு நாலரைக்குத்தானே நேரம் குடுத்தேன்?" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த மராத்தி முழுவதையும் சேர்த்து விளக்கினேன். நாலரைக்கு இவர் கவலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அதனால் சீக்கிரம் வந்தோம்.

மேடம் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே வந்துவிட்டார்கள்.

காள்ஜி என்றால் கவலைதான். அக்கறையும் அதேதான். 'காள்ஜி க்யா' என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். விடைபெறும்போது ஊரே சொல்லும் வார்த்தை. நாலரை என்பது செவ்வாய்க்கிழமை நாங்கள் வர வேண்டிய நேரம். இருபது நிமிஷம் அந்தச் சந்திப்பின் அளவு.

எனக்குக் காது சுட்டது. தவறான ஸ்க்ரூவைச் சரியான பெட்டியில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அக்கா கலங்கவில்லை.

"ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தையா வெச்சிகினு கீறாங்க? அப்போ தம்பி மேல தப்பு இல்ல. பாஷை மேலதான் தப்பு."

நான் அதை மொழிபெயர்த்தேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த நாலு நாளும் என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார்.

அக்கா சொன்னார். திங்கட்கிழமை நான்கு தடவைதான் போன். மேடம் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்.

"இதை நீங்க மூணாவது தடவை வரும்போதுதான் சொல்லித் தரலாம்னு இருந்தேன். நீங்க தப்பா கேட்டு முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க. நிறுத்தாதீங்க. நடுவுல ஒரு கவலை வந்தா விரட்டாதீங்க, அதோட சண்டையும் வேணாம். ஒரு நோட்டுல எழுதி, நாலரைக்கு வான்னு அனுப்பிடுங்க. நாலரைக்கு நோட்டைத் திறந்து, கையால செய்யக்கூடியது எது, கைக்கு எட்டாதது எதுன்னு பிரிங்க. செய்யக்கூடியதைச் செய்ங்க. போன் பண்ணணும்னு தோணினா பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க. அடுத்த வாரம் இருபது."

"வண்டி நெஜமாவே வரலன்னா?"

"ஒரு மணி நேரம் தாண்டினா ஒரே ஒரு போன். உங்க பொண்ணுகிட்ட பேசி அதை முடிவு பண்ணிக்கோங்க."

அன்றிரவு அக்கா ஷீலாவிடம் பேசினார். ஷீலா செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு மணி நேரம், ஒரு போன். டீக் ஹை. பாக்கலாம்," என்றாள். அவள் நம்பவில்லை. மறுநாள் பெட்டிக்குள் இரண்டு ஜோடிச் செருப்பும் போனது.

ஜூலை பாதிக்குள் நாலரை மணி லைன் முழுக்கத் தெரிந்த நேரமாகிவிட்டது. நோட்டில் கவலைகளை எழுதும் வேலை எனக்கு. காஸ் அடுப்பு அணைத்தோமா: கையால் செய்யக்கூடியது. ஷீலா வண்டி டயர்: கைக்கு எட்டாதது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அக்கா பாதியில் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, எவ்ளோ ஆச்சு?"

"பன்னிரண்டு நிமிஷம்க்கா."

"தீந்துபோச்சு. இன்னும் எட்டு நிமிசத்துக்கு நான் எங்க போவேன்?" வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மும்தாஜு! கைமாத்தா ரெண்டு கவலை குடுடி!"

"ரெண்டு எதுக்கு? என் மவனுக்கு முடி கொட்டுது, அது ஒண்ணே ரெண்டு மாசத்துக்கு வரும்," என்று கடைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதையும் எழுதினேன். கைக்கு எட்டாதது. மும்தாஜ் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏன் எட்டாது? எண்ணெய் தேய்க்கச் சொன்னா கேக்க மாட்றான். செய்யக்கூடியதுல போடு."

புடவைகள் திரும்பி வருவது நின்றது. போன் இரண்டாகி, ஒன்றாகி, ஒருநாள் பூஜ்யமும் ஆனது. ஆனால் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. ஷீலா தினமும் அதில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை இருபத்தொன்பது, வியாழக்கிழமை, காலையிலிருந்தே வானம் பிளந்து கொட்டியது. முளா ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். என் வகுப்பு ரத்தானது. ஆறரை ஆயிற்று, வண்டி வரவில்லை. ஷீலாவிடமிருந்து தகவலும் இல்லை.

அக்கா ஒரு நீலப் புடவையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். "போங்கா ஊதுது தம்பி," என்றார். உதடு காய்ந்திருந்தது.

"ஊதட்டும்க்கா."

"பெருசா ஊதுது."

"நாலு தையலுக்கு இழுங்க."

இழுத்தார். ஆறு தையலுக்கு விட்டார். ஊசி விளக்கு வெளிச்சத்தில் ஏறி இறங்கியது. நான் வாட்ச் வைத்துப் பத்துப் பத்து நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு ஐம்பது. ஏழு. சந்தானம் அண்ணன் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். ஏழு பத்துக்குச் சட்டையை மாட்டி, அரிசி டின் மேலிருந்து ஒரு காயினை எடுத்தார்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"ஒரே ஒரு போனு போட்டுட்டு வந்துடறேன்மே. ரோடு பூரா தண்ணின்றாங்க."

"உக்காரு."

"ஏம்மே, நம்ம பொண்ணுடி!"

"எனுக்கு மட்டும் பக்கத்து வூட்டுப் பொண்ணா? ஏழரைக்குத்தான் ஒரு மணி நேரம் ஆவுது. இன்னும் இருவது நிமிசம் கீது. அவ கிட்ட வாக்கு குடுத்து கீறேன். உக்காருய்யா, மூச்சு வுடு. நாலுக்கு இழு, ஆறுக்கு வுடு."

அண்ணன் உட்கார்ந்தார். அவர் கையில் ஊசி இல்லாததால் விரலைக் கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி எண்ணினார். எனக்கும் மார்பு அடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு இருபத்தெட்டுக்கு மும்தாஜ் அக்கா தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தார்.

"தமிழு! ஷீலா லைன்ல கீறா! உனுக்கு இன்னா ஆச்சுன்னு அழுவுறா!"

"எனுக்கா?"

"ஏன் இன்னும் மம்மி போன் பண்ணலன்னு கேக்குறா. ஆஸ்பத்திரில கீறியான்னு கேக்குறா. வந்து நீயே சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்றா!"

ஷீலா எட்டே காலுக்கு வந்து சேர்ந்தாள். கணுக்கால்வரை சேறு, தலையிலிருந்து தண்ணீர். வாசலிலேயே நின்று கத்தினாள்.

"மம்மி! அவுந்த் ரோட்ல ஒரு மணி நேரமா வண்டி ஜாம். எங்கிட்டேருந்து கால் போகவே இல்லை. அரே, எல்லாருக்கும் வீட்லேருந்து போன் வந்துச்சு. எனக்கு மட்டும் வரல! நீ ஏன் பண்ணல?"

"மணி ஏழரை ஆவுலயே. பேச்சு இன்னா? ஒரு மணி நேரம்."

"மழையில கூடவா?"

"மழைக்குன்னு நீ தனியா சொல்லலியே," என்றார் அக்கா.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

அப்போதுதான் நான் அந்த நீலப் புடவையை எடுத்துப் பார்த்தேன். பழக்க தோஷம், எதையும் திருப்பிப் பார்ப்பேன். தையல் ஒரே சீராக, ஒரு இழை சுருங்காமல் இருந்தது. ஆனால் ஃபால்ஸ் முழுவதையும் அக்கா புடவையின் வெளிப்பக்கத்தில் தைத்திருந்தார்.

காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, காட்டினேன்.

அக்கா பார்த்தார். "அடிப் பாவி," என்றார் தன்னைத்தானே. அடுத்து லைனே எட்டிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு. ஷீலாவும் சேர்ந்துகொண்டாள். மும்தாஜ் அக்கா, "இதான் புது மாடல், ஹிஞ்சேவாடி மாடல்," என்று புடவையைத் தோளில் போட்டு நடந்து காட்டினார்.

காலையில் கடைக்குத் தர வேண்டிய புடவை அது. ஷீலா கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியை இழுத்துத் திறந்து, உலர்ந்த சுடிதார் ஒன்றை எடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு பிளேடை எடுத்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து புடவையின் மறுமுனையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். இருவரும் நடுவில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. பீ.ஜி. பற்றி இருவருமே பேசவில்லை. ரசம் இன்னும் சூடாக இருக்கிறதா என்று மட்டும் ஷீலா கேட்டாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை விடவில்லை. நனைந்தது எதுவும் காயவில்லை. தினமும் உலர்ந்த துணிக்கு அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை நான் பார்த்தபோது பெட்டியில் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது. மதியம் அதையும் எடுத்துவிட்டு, அக்கா அதில் கடைப் புடவைகளை ஈரம் படாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் மம்மி," என்றாள் ஷீலா.

"எழுதிக்கோ தம்பி," என்றார் அக்கா என்னிடம். "கைக்கு எட்டாதது."

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். ஏழரைக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஷீலா குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் திரும்பி, "காள்ஜி க்யா, மம்மி!" என்று கத்தினாள்.

அக்கா நிமிரவில்லை. ஊசிக் காதை வெளிச்சத்துக்கு உயர்த்தி நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்:

"நாலரைக்கு."